1360, 1340, 1370: மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை

கணக்கில் நான் மட்டமில்லை. 1998இல் ப்ளஸ் டூ கணிதத்தில் 200க்கு 194. தேர்வு முடிந்த அன்று மாலை வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, எழுதிய வினா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். 193 வந்தது. முடிவு வந்தபோது ஒரே ஒரு மதிப்பெண்தான் பிசகியிருந்தது. மதிப்பெண் என்றால் என் மனதில் அன்றிலிருந்து அதுதான்: எழுதியதைக் கூட்டினால் வருவது. இந்த நினைப்போடுதான் 2023 நவம்பரிலிருந்து 2024 செப்டம்பர் வரை அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் என் மகன் வாங்கிய மதிப்பெண்களைப் படித்தேன். அதற்கு ஆன செலவு ஏறக்குறைய மூவாயிரம் டாலர். மகனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோன நாட்களை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். அந்த வருடம் மாமனாருக்கு உடல்நிலை மோசமாகி, என் கணவர் பெரும்பாலும் கும்பகோணத்தில்தான் இருந்தார். பெரியவன் பதினொன்றாம் வகுப்பு, சின்னவள் எட்டாம் வகுப்பு. கல்லூரிச் சேர்க்கை விவரமெல்லாம் என் தலையில் விழுந்தது. யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்டவர்களுக்கெல்லாம் பழைய தேர்வுதான் தெரிந்திருந்தது. காரணம், தேர்வு அப்போதுதான் தாளிலிருந்து கணினிக்கு மாறியிருந்தது. வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலேயே மாறிவிட்டது. அமெரிக்காவில் பிஎஸ்ஏடி (எஸ்ஏடிக்கு முன்னோட்டமாகப் பள்ளியில் வைக்கும் தேர்வு) 2023 அக்டோபரிலும் எஸ்ஏடி 2024 மார்ச்சிலும் மாறின. என் மகனின் வகுப்புக்கு முந்தைய வகுப்பு எழுதியது 154 கேள்விகளோடு மூன்று மணி நேரத் தாள் தேர்வு. இவன் எழுதியது 98 கேள்விகள், இரண்டு மணி 14 நிமிடங்கள். மூன்று மணி நேரம் இரண்டே கால் ஆனதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்குள் வேறு என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

டாலஸில் இருக்கும் என் கணவரின் அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். "எங்கள் பெண் 2150 வாங்கினாள் அம்மா. தெரியாத கேள்வியைத் தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள், தப்பானால் கால் மதிப்பெண் போய்விடும்" என்றார். 1600தானே அதிகபட்சம், இவர் எப்படி 2150 சொல்கிறார் என்று இரண்டு நாள் குழம்பினேன். 2005இலிருந்து 2016 தொடக்கம் வரை தேர்வு 2400க்கு இருந்திருக்கிறது. 2016 மார்ச்சில் மீண்டும் 1600க்கு வந்தபோதே அந்தக் கால் மதிப்பெண் பிடித்தமும் போய்விட்டது. இப்போது தவறான விடைக்கு எதுவும் குறையாது, வெற்றாக விட்டால்தான் நஷ்டம். நல்லவேளை, என் மகன் பெரியப்பாவின் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாராவது தங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொன்னால், எந்த வருடம் எழுதியது என்று முதலில் கேளுங்கள்.

என் முதல் தவறு பிஎஸ்ஏடியில் தொடங்கியது. நவம்பரில் 1360 என்று வந்தது. அந்தத் தேர்வின் உச்சம் 1520 என்று பார்த்தேன். உடனே எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குப் போட்டேன்: 1520க்கு 1360 என்றால் 1600க்கு எவ்வளவு? 1432. ஆக, ஒன்றும் படிக்காமலே பையன் 1430 வாங்கிவிடுவான், கொஞ்சம் தள்ளினால் 1500 என்று கணவருக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்கு அது ஒரு நல்ல சேதியாக இருந்தது. உண்மையில் இந்தத் தேர்வுகளெல்லாம் ஒரே அளவுகோலில் குறிக்கப்பட்டவை. எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கான பிஎஸ்ஏடி அந்த அளவுகோலில் 240இலிருந்து 1440 வரை அளக்கும். பத்து, பதினொன்றுக்கானது 320இலிருந்து 1520 வரை. எஸ்ஏடி 400இலிருந்து 1600 வரை. பிஎஸ்ஏடியில் 1360 என்றால், அதே நாளில் எஸ்ஏடி எழுதியிருந்தாலும் ஏறக்குறைய 1360தான் வந்திருக்கும். சின்ன அடிக்கோலால் அளந்தாலும் பெரிய அடிக்கோலால் அளந்தாலும் மேசையின் நீளம் ஒன்றுதானே. விகிதம் போட அதில் இடமே இல்லை. நான் போட்டேன்.

மார்ச் 9ஆம் தேதி முதல் எஸ்ஏடி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் மையம். மடிக்கணினியையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு போனவன், வெளியே வந்ததும் காரில் ஏறி இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். "கணக்கில் முதல் பாதி சுலபமாக இருந்தது. இரண்டாவது பாதி பயங்கரம். கடைசி நான்கு கேள்விகளை ஊகித்துத்தான் போட்டேன்" என்றான். நான் வீடு வரும்வரை திட்டினேன். சுலபமானதில் அசந்துவிட்டாய், கவனம் போதவில்லை, என் காலத்தில் இப்படியெல்லாம் உண்டா என்று நீளமாக. கேள்வித்தாளைக் காட்டு என்றேன். கேள்வித்தாளா என்று விழித்தான். எல்லாம் கணினிக்குள்ளேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துவர எதுவும் இல்லை. கூட்டிப் பார்க்க முடியாத தேர்வு என்பதே எனக்கு ஒரு அவமானம்போல இருந்தது.

அன்று நான் திட்டியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன், ஏனென்றால் அவன் சொன்னது நல்ல சேதி. இந்தத் தேர்வில் ஆங்கிலம், கணிதம் என்று இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றும் இரண்டு மாட்யூல்கள், அதாவது இரண்டு பாதிகள். முதல் மாட்யூலில் எளிது, நடுத்தரம், கடினம் என்று எல்லாம் கலந்து வரும். அதில் எப்படிச் செய்கிறாய் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமானதாகவோ எளிதானதாகவோ அமையும். இரண்டாவது பயங்கரமாக இருந்தது என்றால், முதலாவதை நன்றாகச் செய்திருக்கிறான் என்று பொருள். மாறாக, இரண்டாவது சுலபமாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே வரும் பிள்ளையைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பாதையில் போனவர்களுக்கு உச்சப் படிகள் எட்டாது. பிள்ளை வெளியே வந்து "கஷ்டம்" என்றால், தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. ஆங்கிலம் 640, கணிதம் 700. மொத்தம் 1340. நான் மனதில் எழுதி வைத்திருந்தது 1430. 90 மதிப்பெண் விழுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாளே கடைத்தெருவில் இருக்கும் ஒரு பயிற்சி மையத்தின் வாசலில் நின்றேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் பிள்ளையை உட்காரவைத்து அச்சடித்த தாளில் ஒரு தேர்வு வைத்தார். சரியான விடைகளை எண்ணி, ஒரு அட்டவணையைப் பார்த்து, 1290 என்று சிவப்பில் வட்டமிட்டார். "இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறான் அம்மா. இப்போது பிடிக்காவிட்டால் கஷ்டம்" என்றார். பத்து வாரப் பயிற்சி, 2,800 டாலர். ஒரே தவணையில் கட்டினால் 100 டாலர் தள்ளுபடி என்றார். தள்ளுபடியைப் பார்த்ததும் என் கை தானாகக் கடன் அட்டையை எடுத்துவிட்டது. கணினியில் பாதை பிரிந்து செல்லும் தேர்வை, பாதையே பிரியாத தாளில் வைத்து, விடைகளை எண்ணி எப்படி மதிப்பெண் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. எண்ணிக் கூட்டி மதிப்பெண் சொன்ன ஒரே ஆள் அவர் என்பதால், அவரை நம்பினேன்.

இடையில் இன்னொரு சின்ன நஷ்டம். தேர்வு நாளிலிருந்து ஒன்பது நாட்களுக்குள் சொன்னால் நான்கு கல்லூரிகளுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். இலவசம் என்றால் விடுவேனா? நான்கு பெயர்களைப் போட்டேன். மதிப்பெண் வருவதோ இரண்டு வாரம் கழித்து. ஆகவே என்ன வந்தது என்று தெரியாமலே 1340ஐ நான்கு இடங்களுக்கு அனுப்பிவைத்தவள் நான். பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் நாமே மதிப்பெண்ணை எழுதினால் போதும், சேர்க்கை உறுதியான பிறகு அதிகாரபூர்வமாக அனுப்பலாம் என்கின்றன; எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதையும் நம்மிடமே விடுகின்றன. ஜார்ஜ்டவுன் மாதிரி எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்கும் இடங்களும் உண்டு. இலவசப் பட்டியலை நிரப்புவதற்கு முன் அந்தந்தக் கல்லூரியின் விதியைப் படியுங்கள்.

ஜூன் 1ஆம் தேதி இரண்டாவது முறை எழுதினான். பயிற்சி மையத் தாள்களில் அதற்குள் 1450 வரை வந்திருந்ததால் நானே கேசரி கிளறிவிட்டேன். வந்தது 1370. ஆங்கிலம் 630, கணிதம் 740. பத்து வாரம், 2,700 டாலர், முப்பது மதிப்பெண். அதிலும் ஆங்கிலத்தில் பத்து குறைவு. கேசரி குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருந்து குப்பைக்குப் போனது. மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு அங்கே இரவு இரண்டு மணி என்பதால் கணவரையும் கூப்பிடவில்லை.

பள்ளி விடுமுறைக்கு மூடும் வாரத்தில், வேறு ஏதோ படிவத்தில் கையெழுத்துக்காகப் பள்ளி ஆலோசகரைப் பார்க்கப் போனேன். ஆறு மாதமாக இலவசமாக அங்கேயே உட்கார்ந்திருந்தவர்! பேச்சுவாக்கில் மதிப்பெண்ணைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் ஒரு தாளை எடுத்து நீளமாக ஒரு கோடு போட்டார். அறிக்கைகளில் மொத்த மதிப்பெண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வீச்சு இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்த்ததேயில்லை. மொத்தத்துக்கு இருபுறமும் சுமார் நாற்பது. அவர் கோட்டின் மேல் மூன்று பட்டைகள் வரைந்தார்: பிஎஸ்ஏடிக்கு 1320 முதல் 1400 வரை, மார்ச்சுக்கு 1300 முதல் 1380 வரை, ஜூனுக்கு 1330 முதல் 1410 வரை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. "இவன் விழவும் இல்லை, ஏறவும் இல்லை. மூன்று முறையும் நீங்கள் அளந்தது ஒரே பையனைத்தான்" என்றார். நவம்பரிலிருந்து நான் பட்ட பாடெல்லாம், மூன்று விரல் அகலத்துக்கு அந்தத் தாளில் கிடந்தது. சிரிப்பு வந்தது. அவர் என்னவோ ஏதோ என்று பயந்து டிஷ்யூ பெட்டியை நகர்த்திக் கொடுத்தார்.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம், பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதியதில் பிரிவுக்குப் பிரிவு உயர்ந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்ளும் என்பது. மார்ச் மாத ஆங்கிலம் 640, ஜூன் மாதக் கணிதம் 740, ஆக 1380. சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள். அப்படியானால் அடுத்த முறை கணிதத்தைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் ஆங்கிலத்தை மட்டும் பார்க்கலாம். மூன்றாவதாக, அறிக்கையின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். ஒவ்வொரு பிரிவும் நான்கு பாடப்பகுதிகளாகப் பிரிந்து, கட்டம் கட்டமாக நிரம்பிய பட்டைகள். நான் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் மூன்று பட்டைகள் நன்றாக நிரம்பியிருக்க, இலக்கணமும் நிறுத்தக்குறியும் சார்ந்த பட்டை மட்டும் இரண்டு தேர்வுகளிலும் குட்டையாக நின்றது. ஆங்கிலப் பிரிவில் கால்வாசிக் கேள்விகள் அந்தப் பகுதியிலிருந்துதான் வருகின்றன. பத்து வாரமும் பயிற்சி மையத்தில் அவனுக்கு நடத்தியது பெரும்பாலும் கணிதம்.

கோடையில் சாப்பாட்டு மேசையில் நாங்களே உட்கார்ந்தோம். எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். நிஜத் தேர்வைப் போலவே பாதை பிரியும், மதிப்பெண்ணும் தரும், எந்தக் கேள்வி தவறு என்றும் காட்டும். கான் அகாடமி என்ற இணையதளத்தில் பயிற்சிகளும் இலவசம். அங்கேதான் என் 1998ஆம் வருடத்துப் பென்சில் கடைசியாக முறிந்தது. இரண்டு மாதிரித் தேர்வுகளில் கணிதத்தில் அவனுக்கு ஐந்து ஐந்து தவறுகள். ஆனால் மதிப்பெண்களுக்கிடையே முப்பது வித்தியாசம். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். இங்கே கேள்விக்கு இத்தனை மதிப்பெண் என்ற கணக்கே கிடையாது. எந்தக் கேள்வியைச் சரியாகச் செய்தாய், அது எவ்வளவு கடினம், ஊகித்தே சரியாகப் போட வாய்ப்பு எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துத்தான் மதிப்பெண் வருகிறது. எளிய கேள்வியைத் தவறவிடுவதும் கடினமான கேள்வியைத் தவறவிடுவதும் ஒன்றல்ல. போதாததற்கு, ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். எவை என்று யாருக்கும் சொல்வதில்லை. விடைகளை எண்ணி "உனக்கு இவ்வளவு வரும்" என்று துல்லியமாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், பணத்தை எடுப்பதற்குமுன் ஒரு முறை வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

நிறுத்தக்குறிக்குப் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று போதுமானதாக இருந்தது. தவறிய வாக்கியத்தை அவன் கையால் எழுத வேண்டும், ஏன் தவறு என்று எனக்கு விளக்க வேண்டும். அரைப்புள்ளிக்கு இருபுறமும் தனித்து நிற்கக்கூடிய வாக்கியம் இருக்க வேண்டும் என்பதை அவன் எனக்கு உப்பு, மிளகு டப்பாக்களை வைத்து விளக்கினான். நடுவில் ஒரு ஏலக்காய். மார்ச்சுக்குப் பிறகு அவன் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றுதான். ஆறு வாரத்தில் பதினெட்டுப் பக்கம் நிரம்பியது. ஆகஸ்ட் 24 தேர்வில் ஆங்கிலம் 680, கணிதம் 760, மொத்தம் 1440. இந்த முறை முதலில் வீச்சைப் பார்த்தேன்: 1400 முதல் 1480 வரை. ஜூன் பட்டையின் நுனியும் இதன் தொடக்கமும் லேசாக உரசுகின்றன. முழுக்க அரைப்புள்ளியின் புண்ணியம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பெர்சன்டைல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதிலும் நான் விழுந்தேன். அது சதவீதம் அல்ல. உன் மதிப்பெண்ணும் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. காலேஜ் போர்டு அட்டவணையில் ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு பெர்சன்டைல்கள் இருக்கும். ஒன்று நாட்டின் எல்லா மாணவர்களையும், தேர்வே எழுதாதவர்களையும் மனதில் வைத்துக் கணிப்பது. மற்றது உண்மையாகவே எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணிப்பது. எங்கள் பிள்ளை போல இருப்பவர்களுக்கு முதலாவது பொதுவாகப் பெரிதாகத் தெரியும், மனதுக்கு இதமாக இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள். அதேபோல் கல்லூரிகள் வெளியிடும் நடு ஐம்பது சதவீத வீச்சு, அதாவது சேர்ந்தவர்களில் நடுவில் இருக்கும் பாதிப் பேர் எதிலிருந்து எதுவரை வாங்கினார்கள் என்பது. ஒரு கல்லூரிக்கு 1370 முதல் 1510 வரை என்று பார்த்துவிட்டு, 1370 என்பது நம் ஊர் கட்-ஆஃப் மாதிரி என்று நினைத்து அந்தக் கல்லூரியையே மார்ச்சில் பட்டியலிலிருந்து அடித்தேன். அங்கே சேர்ந்து, மதிப்பெண்ணும் கொடுத்தவர்களில் கால்வாசிப் பேர் 1370க்கோ அதற்குக் கீழோ இருந்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். மதிப்பெண் கட்டாயமில்லாத கல்லூரிகளில் குறைவாக வாங்கியவர்கள் பலர் கொடுப்பதேயில்லை, ஆகவே அந்த வீச்சே கொஞ்சம் ஊதித்தான் தெரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே கிடையாது. எம்ஐடி 2022இலும், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் போன்றவை 2024இலும் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக அறிவித்தன. இது வருடத்துக்கு வருடம் மாறுகிறது, போன வருடம் பக்கத்து வீட்டில் சொன்னதை நம்ப வேண்டாம்.

கணக்கை முடித்துவிடுகிறேன். பயிற்சி 2,700, மார்ச்சுக்கும் ஜூனுக்கும் 60, 60, ஆகஸ்டுக்கு 68, பயிற்சி மையத்தில் வாங்கவைத்த, பழைய தாள் தேர்வுக்கான இரண்டு புத்தகங்கள் 75, பத்து வாரச் சனி, ஞாயிறு பெட்ரோலை நான் எழுதி வைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது பாதி வகுப்புக் கட்டணத்தைச் சின்னவளுக்கு வரவு வைத்து ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே அது தொங்குகிறது.

சின்னவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அவளுக்கும் பிஎஸ்ஏடி வைத்தார்கள், 1150 வந்திருக்கிறது. கணவர் ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டார். தோசைத் தட்டை நகர்த்திவிட்டு அறிக்கையை வாங்கிப் பார்த்தார். "உச்சம் 1440ஆ? அப்படியானால் 1600க்கு..." என்று கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்தார்.